அந்த ஹார்ட் டிஸ்க் சாகவில்லை

பாபு,

இதை நீ கம்பெனி வண்டியில் உட்கார்ந்து படிக்காதே. ஞாயிற்றுக்கிழமை காலையில், காபி குடித்து முடித்த பிறகு வீட்டில் உட்கார்ந்து படி. அப்போது நான் ஓசூரில் உன் அத்தை வீட்டில் இருப்பேன். திடீரென்று எதற்குப் போனார் என்று அத்தைக்குப் போன் போட்டு விசாரிக்க வேண்டாம், அவளுக்கு ஒன்றும் தெரியாது. எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. இருபத்தெட்டு வருடம் ஃபேக்டரியில் தையல் மிஷின் ரிப்பேரோடு மல்லுக்கட்டியவன் நான். ஆனால் இந்த விஷயத்தை வாயால் சொல்ல நான்கு முறை முயன்றேன், நான்கு முறையும் வாயில் வேறு ஏதோ வந்துவிட்டது. ஒருமுறை கேஸ் சிலிண்டர் புக் பண்ணிவிட்டாயா என்று கேட்டேன். இன்னொரு முறை உன் சட்டை காலர் கிழிந்திருக்கிறது என்றேன். எழுதினால் அடித்துத் திருத்தியாவது உண்மைக்கு வந்து சேரலாம் என்று தோன்றியது. இது ஐந்தாவது தாள். முதல் நான்கைக் கிழித்துவிட்டேன்.

போன மாதம் நீ முன்பு வேலை பார்த்த அச்சகத்து முதலாளி வீட்டுக்கு வந்தார் அல்லவா, அதிலிருந்துதான் இது தொடங்கியது. அகமதாபாத்தில் அவருக்குத் தெரிந்தவர்கள் இந்திய மொழிகளுக்கு எழுத்துரு செய்யும் இடம் ஒன்று ஆரம்பிக்கிறார்கள், தமிழும் கன்னடமும் இரண்டும் கைவந்த ஆள் வேண்டும், உன் பெயரைச் சொல்லியிருக்கிறேன் என்றார். நான் அடுப்படியில் அவருக்கு டீ ஆற்றிக்கொண்டிருந்தேன். நீ கன்னடத்திலேயே அவருக்குப் பதில் சொன்னாய்: அப்பா ஒண்டியாக இருப்பார், அதனால் முடியாது. அவர் மேலும் இரண்டு முறை கேட்டார். நீ சிரித்து, அதெல்லாம் பழைய கதை சார், கையே மறந்துபோச்சு என்றாய். டீயை எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது என் முகத்தை நீ பார்த்தாய். சந்தோஷப்படுகிறேன் என்று நினைத்திருப்பாய். ஒரு நொடி சந்தோஷப்படவும் செய்தேன், பாபு. அந்த ஒரு நொடிதான் என்னை இதை எழுத வைத்தது.

என்னைப் பற்றி உனக்கு ஏற்கெனவே தெரிந்த ஒன்றை முதலில் சொல்கிறேன். காவிரிக் கலவரம் நடந்தபோது உனக்குப் பத்து வயது. பொம்மனஹள்ளியில் அந்த ஷீட் வீட்டில் இருந்தோம். நான் முன்கதவை வெளியே பூட்டி, பின்பக்கமாகச் சுற்றி வந்து பாத்ரூம் கதவு வழியாக உள்ளே நுழைந்து அதையும் தாழிட்டேன். பூட்டைப் பார்க்கிறவன் வீட்டில் யாரும் இல்லை என்று போய்விடுவான் என்பது என் கணக்கு. நீயும் அம்மாவும் நானும் லைட் போடாமல், ரேடியோ போடாமல், ஒரு வாளியை மூலையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். இரண்டாம் நாள் மத்தியானம் பக்கத்து வீட்டுப் பார்வதம்மா பின்கதவில் பாலும் களியும் கொடுத்துவிட்டு, நம்ம தெருவுக்குள் யாரும் வர மாட்டார்கள், நாங்கள் இருக்கிறோம், கதவைத் திறந்து வெளியே வாருங்கள் என்று கன்னடத்தில் சொன்னாள். அவள் பொய் சொல்கிறவள் இல்லை. அதன் பிறகும் ஒன்றரை நாள் நான் பூட்டைத் திறக்கவில்லை. நீ என் பனியனைப் பிடித்துக்கொண்டு எப்போது திறப்பீர்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தாய். ஆபத்து இல்லை என்று தெரிந்த பிறகும் உன்னை அடைத்து வைத்திருந்தேன். பாதுகாக்கிறேன் என்றுதான் அதற்குப் பெயர் வைத்துக்கொண்டேன்.

இப்போது கம்ப்யூட்டர் விஷயத்துக்கு வருகிறேன். அம்மாவுக்கு ஸ்ட்ரோக் வந்து வலது பக்கம் விழுந்துபோன அடுத்த வருடம் அது. உனக்கு இருபத்து மூன்று. காலையில் நான் ஃபேக்டரிக்குப் போன பிறகு அவளைத் தூக்கி உட்கார வைத்து, பல் தேய்த்து, குளிக்க வைத்து, இட்லியைப் பிசைந்து ஊட்டி, பக்கத்து வீட்டில் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு நீ அச்சகத்துக்குப் போவாய். சாயங்காலம் நான் வந்ததும் உன் கம்ப்யூட்டரில் உட்காருவாய். பழைய பாகங்களை ஒவ்வொன்றாகச் சேர்த்து நீயே கட்டிய மிஷின் அது, அம்மாவின் தையல் மேசை மேல் இருந்தது. ஒரே எழுத்தை வாரக்கணக்காக வரைவாய். தமிழும் கன்னடமும் ஒரே பக்கத்தில் பக்கத்துப் பக்கத்தில் வந்தால் இரண்டும் ஒரே கை எழுதியது போல் இருக்க வேண்டும், அதுதான் என் வேலை என்று எனக்கு ஒருமுறை விளக்கினாய். நான் தலையாட்டினேன். எனக்குப் புரியவில்லை, புரிந்துகொள்ள முயலவும் இல்லை. வெளிநாட்டில் இதற்கென்றே ஒரு படிப்பு இருக்கிறது, உதவித்தொகையும் உண்டு, மாதக் கடைசிக்குள் வரைந்ததையெல்லாம் சிடியில் போட்டு அனுப்ப வேண்டும் என்றாய். அம்மாவைப் பார்த்துக்கொள்ள சித்தி மகள் வருவதாக ஒத்துக்கொண்டிருக்கிறாள் என்றும் சொன்னாய். அப்போதும் தலையாட்டினேன். போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை.

பிறகு ஒருநாள் அந்த மிஷின் எழுந்திருக்க மறுத்தது. ஸ்விட்ச் போட்டால் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஏதோ ஒரு ஃபைலைக் காணோம் என்று சொல்லும், அணையும், தானே மறுபடி கிளம்பும், மறுபடி அதையே சொல்லும். நீ ஒரு நாள் முழுக்க அதன் முன்னால் உட்கார்ந்திருந்தாய். தெருமுனையில் இருந்த கடைக்காரர் வந்து பார்த்து, ஃபார்மேட் பண்ணினால் புதுசு மாதிரி ஓடும் என்றார். ஃபார்மேட் பண்ணினால் உள்ளே இருப்பது எல்லாம் போய்விடும் என்று நீ அவரைத் தொடவே விடவில்லை. அன்று சாயங்காலமே உனக்குக் காய்ச்சல். மறுநாள் முகமெல்லாம் கொப்புளம். அம்மை போட்டுவிட்டது. தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை வெளியே போகக் கூடாது. வாசலில் வேப்பிலை செருகினேன், உன்னை முன் அறையில் படுக்க வைத்தேன், அம்மாவை உள் அறையில் வைத்தேன், ஃபேக்டரிக்கு லீவு சொன்னேன்.

அந்தப் பத்து நாளைப் பற்றி நான் யாரிடமும் பேசியதில்லை. ஒரு வருடமாக நீ தினம் காலையில் என்ன செய்துகொண்டிருந்தாய் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அவளைத் தூக்கும்போது எங்கே கை கொடுக்க வேண்டும் என்றுகூட எனக்குத் தெரியவில்லை. நான் ஊட்டினால் வாயை மூடிக்கொண்டாள். அவளை நான் கழுவிவிட்டபோது, கல்யாணமாகி இருபத்தைந்து வருடம் ஆனவள், வெட்கத்தில் இடது கையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நான்காம் நாள் பாத்ரூமில் என் பிடி நழுவி அவள் விழுந்தாள். நீ முன் அறையிலிருந்து என்னப்பா சத்தம் என்று கேட்டாய். வாளி விழுந்தது என்றேன். அவள் தரையில் கிடந்தபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள், சத்தம் போடவில்லை. அந்த ஈரத் தரையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்துதான் நினைத்தேன், இவன் போய்விட்டால் இதை நான் தினமும் செய்ய வேண்டும், என்னால் முடியாது என்று. சித்தி மகள் வருகிறாள் என்பதெல்லாம் அந்த நேரத்தில் மனதில் ஏறவில்லை.

எங்கள் ஃபேக்டரி லைனில் காலர் தைக்கும் ஒரு பெண்ணின் அக்கா சபீனா, பிரேசர் டவுனில் தன் வீட்டு முன் அறையிலேயே கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்கிறாள் என்று கேள்விப்பட்டேன். முன்பு எங்கோ கம்ப்யூட்டர் கற்றுக்கொடுத்தவளாம். நீதான் படுத்தபடியே எனக்குச் சொல்லிக்கொடுத்தாய், எந்த ஸ்க்ரூவைக் கழற்ற வேண்டும், எந்த ஒயரைப் பிடுங்க வேண்டும் என்று. ஹார்ட் டிஸ்க்கைத் துண்டில் சுற்றி மஞ்சள் பையில் வைத்து, பக்கத்து வீட்டில் அம்மாவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, இரண்டு பஸ் மாறிப் போனேன். சபீனாவுக்கு நாற்பது வயதிருக்கும், அதிகம் பேசாதவள். டிஸ்க்கைத் தன் மிஷினில் இரண்டாவது டிஸ்க்காக மாட்டி, காதைப் பக்கத்தில் வைத்துக் கேட்டாள். பழுதான ஓவர்லாக் தையல் மிஷினில் நான் காது வைத்துக் கேட்பது போலவே இருந்தது. கொஞ்ச நேரம் தட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணா, டிஸ்க் சாகல. விண்டோஸ்தான் போயிருக்கு. அங்கங்க கொஞ்சம் அடி வாங்கியிருக்கு, பரவாயில்ல. ஆனா உங்க பையன் ஃபோல்டரு திறக்க மாட்டேங்குது, பாஸ்வேர்டு போட்டு அவன் பேருல பூட்டி வெச்சிருக்கான். ஓனர்ஷிப்ப என் பேருக்கு மாத்திட்டா திறக்கும். மாத்தலாமா? பையன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிறீங்களா?" என்றாள்.

எதிர்க் கடையில் போன் இருந்தது. பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டு உன்னிடம் கேட்டுவரச் சொல்லியிருக்கலாம். நான் அவன் அப்பாதான், மாத்துங்க என்றேன்.

ஒவ்வொரு ஃபைலாக உரிமை மாற்றி, நகல் எடுத்து, நடுவில் அடி வாங்கிய இடம் வந்து நின்றபோதெல்லாம் நிறுத்தி மறுபடி தொடங்கி, அவளுக்கு நாலு மணி நேரம் ஆயிற்று. எல்லாம் வந்துவிட்டது, நாலைந்தைத் தவிர. சிடியில் போட்டாள். சரியாகத் திறக்கிறதா என்று பார்க்க ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினாள். திரை முழுக்க ஒரே ஒரு 'ழ' நின்றது. அவ்வளவு பெரிதாக நீ வரைந்ததை அதுவரை நான் பார்த்ததில்லை. அந்தக் கடைசி வளைவு எப்படிக் கீழே இறங்கி எப்படி முடிகிறது என்று பார்த்தேன். மிஷின் வேலை தெரிந்தவனுக்குக் கோடு சுத்தமா இல்லையா என்று தெரியும், பாபு. அது சுத்தமான வேலை. பக்கத்தில் அதே கையால் எழுதியது போல ஒரு கன்னட எழுத்து. அன்று எனக்குப் புரிந்தது, நீ விளக்கியபோது புரியாதது. சபீனாகூட, பையன் பெரிய ஆளா வருவான் அண்ணா என்றாள். பிறகு ஒரு கடிதம் திறந்துகொண்டது. அந்தப் படிப்புக்காக நீ எழுதியது. அவள் முதல் வரியைப் பார்த்ததும் நாற்காலியைத் தள்ளி எழுந்து, இது உங்க வீட்டு சமாச்சாரம், நான் டீ போட்டுட்டு வரேன் என்று உள்ளே போய்விட்டாள். கடிதத்தை மூடிவிட்டுப் போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மரியாதை தெரிந்தவள் அப்படி என்னை நம்பிப் போனாள்.

மிஷின் கையேடு படிக்கிற என் இங்கிலீஷில் எழுத்துக் கூட்டிப் படித்தேன். ஏன் இந்தப் படிப்பு வேண்டும் என்று முதல் பக்கம். இரண்டாம் பக்கத்தில் வீட்டைப் பற்றி. அம்மாவைப் பற்றி எழுதியிருந்தாய், அவளைத் தூக்குவது உனக்குப் பாரமில்லை, ஆனால் ஒவ்வொரு நாள் காலையும் இதற்கு வேறு வழி யோசிக்க இந்த வீட்டில் யாரும் இல்லை என்பதுதான் பாரம் என்று. இந்த வருடம் போகவில்லை என்றால் இனி எப்போதும் போக மாட்டேன் என்று. பிறகு என்னைப் பற்றி இரண்டே வரி. என் அப்பா எதையும் கேட்க மாட்டார், எதையும் சொல்லவும் மாட்டார். ஆனால் அவர் என்னைத் தடுக்க மாட்டார். அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். சபீனா டீயோடு வந்து நின்றதுகூடத் தெரியவில்லை.

வரும் வழியில் பஸ்ஸில் நான் எந்த முடிவும் எடுக்கவில்லை. இதை நீ நம்ப வேண்டும், நம்பாவிட்டாலும் பரவாயில்லை. சிடி சட்டைப் பையில் இருந்தது, டிஸ்க் மஞ்சள் பையில் இருந்தது. வாசலில் செருப்பைக் கழற்றும்போதுகூட உன்னிடம் கொடுக்கத்தான் போகிறேன் என்று இருந்தேன். நீ பாயில் எழுந்து உட்கார்ந்திருந்தாய். கொப்புளம் காய்ந்த முகம், கண் மட்டும் பளபளவென்று. வந்துச்சாப்பா என்றாய். உள் அறையில் அம்மா ஈரத்தில் கிடந்து முனகுவது கேட்டது. இல்லடா, டிஸ்க் செத்துப்போச்சாம் என்று என் வாய் சொன்னது.

நீ பாயின் ஓரத்தை இழுத்து நேராக்கினாய். அப்புறம், பரவால்லப்பா, தண்ணி ஊத்தினதும் நானே எடுத்துக்கிட்டு வேற எங்கயாவது போறேன், யாராவது எடுத்துத் தருவாங்க என்றாய். அந்த நிமிடமே சொல்லியிருக்கலாம். அதற்குப் பதில் மறுநாள், லீவுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறேன் என்று அதே மஞ்சள் பையோடு ஃபேக்டரிக்குப் போய், எங்கள் மெக்கானிக் ரூமில் வைஸ் இடுக்கியில் டிஸ்க்கை இறுக்கி, நட்சத்திரத் தலை ஸ்க்ரூவுக்குப் பொருந்தும் பிட்டைத் தேடி எடுத்து, மேல்மூடியைக் கழற்றினேன். உள்ளே கண்ணாடி மாதிரி ஒரு தகடு, என் முகம் தெரிந்தது. ஸ்க்ரூ டிரைவரால் குறுக்கே கீறினேன். இருபத்தெட்டு வருட வேலையில் நான் ஒரு மிஷினை வேண்டுமென்று கெடுத்தது அந்த ஒரு தடவைதான். வீட்டுக்கு வந்து, நேற்றே கடையில் திறந்து பார்த்துவிட்டார்கள், உள்ளே கீறல் விழுந்திருக்கிறதாம் என்று உன் கையில் கொடுத்தேன். நீ அதை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். என்மேல் உனக்கு ஒரு துளி சந்தேகம் வரவில்லை. எனக்காக நீ வருத்தப்பட்டாய். பாவம்ப்பா, இதுக்காக ரெண்டு பஸ் மாறிப் போயிட்டு வந்தீங்க என்றாய்.

சிடியை மட்டும் என்னால் உடைக்க முடியவில்லை. கட்டிலுக்கு அடியில் இருக்கும் என் டூல்ஸ் பெட்டியில், அடித்தட்டில், எண்ணெய்த் துணிக்குக் கீழே வைத்தேன். நான் வைப்பதை அம்மா கட்டிலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு எல்லாம் தெரியும், பாபு. வாசலில் உன்னிடம் நான் சொன்னதை அவள் கேட்டிருந்தாள், பெட்டியில் வைத்ததையும் பார்த்தாள். நீ பழைய பிரிண்ட் தாள்களை வைத்துக்கொண்டு அச்சகத்து மிஷினில் எல்லாவற்றையும் திரும்ப வரைய முயன்ற அந்த மூன்று வாரமும், தேதி தாண்டிப்போய் அடுத்த வருடம் பார்க்கலாம் என்று அவர்கள் பதில் போட்ட பிறகும், நீ காலையில் அவளுக்கு ஊட்ட உட்காரும்போதெல்லாம் அவள் உன் கையைத் தட்டிவிட்டு ஏதோ சொல்ல முயன்றாள். நினைவிருக்கிறதா? அவள் பேச்சு அப்போது பாதி வார்த்தைதான். பொட்டி, பொட்டி என்றாள். கட்டிலுக்குக் கீழே காட்ட அவளுக்கு இடது கை மட்டும்தான், அதுவும் நடுங்கி அவள் முகத்துக்கு முன்னாலேயே ஆடிக்கொண்டிருந்தது. நீ கொஞ்ச நேரம் அவள் வாயையே பார்த்துவிட்டு, பொட்டாம்மா, பொட்டு வேணுமா என்று கேட்டாய். போய் அலமாரியில் இருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்து வந்து, அவள் முகத்தைத் துடைத்து, நெற்றியில் வைத்து, கண்ணாடியைக் காட்டினாய். இத்தனை நாளா எனக்குத் தோணலயேம்மா என்றாய். நான் கதவோரம் நின்றிருந்தேன். அவள் கண்ணாடியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். பிறகு உன்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்த நாளில் இருந்து அவள் போகும்வரை தினம் காலையில் நீ பொட்டு வைத்துவிட்டாய். அவள் அதற்குப் பிறகு பெட்டி என்ற வார்த்தையைச் சொல்லவே இல்லை.

அடுத்த வருடம் அவளுக்கு இரண்டாவது ஸ்ட்ரோக். சித்தி மகள் கல்யாணமாகிப் போய்விட்டாள். நீ எலெக்ட்ரானிக் சிட்டியில் அந்தக் கம்பெனியில் சேர்ந்தாய், யாரோ செய்யும் மிஷின்களுக்கு யாரோ படிக்கும் கையேடு தயாரிக்கிற வேலை. கம்பெனி வண்டி காலையில் உன்னை ஏற்றிக்கொண்டு போகும், சாயங்காலம் இறக்கிவிடும். ஷீட் வீட்டை விட்டு இந்த வீட்டுக்கு வந்தோம், தையல் மேசை இடமில்லை என்று போயிற்று. ஒரு எழுத்துகூட நீ அதன்பின் வீட்டில் வரைந்து நான் பார்க்கவில்லை. கடை போர்டுகளை நின்று பார்ப்பாயே, அதுவும் நின்றுவிட்டது. ஊரில் எல்லோரும், இப்படி ஒரு பிள்ளை கிடைக்கப் புண்ணியம் செய்திருக்க வேண்டும் என்பார்கள். நான் கும்பிட்டுக்கொண்டு நிற்பேன். ஆரம்பத்தில், சொன்னால் நீ போய்விடுவாய் என்று பயந்து சொல்லவில்லை. பிறகு, சொன்னால் நீ என்னை வெறுப்பாய் என்று. பிறகு, அவள் இருக்கும்வரை வேண்டாம் என்று. ஐந்து வருடத்தில் காரணம் மட்டும்தான் மாறியது, நான் நின்ற இடம் மாறவில்லை. உன்னை அடைத்த அறையில் நானும்தான் இருந்தேன் என்று சொன்னால் அது நியாயமாகாது. சாவி என்னிடம் இருந்தது, உன்னிடம் இல்லை.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். அவளை நீ பார்த்துக்கொண்ட அந்த வருடங்கள் வீண் என்று நான் சொல்லவில்லை. அவள் போன அன்று உன் மடியில்தான் போனாள். ஆனால் நீ அதை உன் இஷ்டத்தோடு செய்கிறாயா என்று கேட்டு, நீ சொல்லும் பதிலைக் கேட்டுக்கொள்ளும் சந்தர்ப்பத்தை நான் உனக்குத் தரவில்லை. கேட்டிருந்தால் ஒருவேளை நீ இருந்திருப்பாய். ஒருவேளை போய், படித்து முடித்து, திரும்பி வந்திருப்பாய். அந்த இரண்டு வழியிலும் அப்பனும் மகனும் எப்படி இருந்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. நாளைக்கு உனக்கென்று ஒரு குடும்பம் வரும். அவர்களிடம் வாய் திறந்து கேள். தலையாட்டுகிற ஆளாக இருக்காதே. நல்லவன் என்று பெயர் வாங்கிக்கொண்டு, பேசாமல் இருந்தே ஒருவனைக் கட்டிப்போட முடியும், உன் அப்பனே அதற்குச் சாட்சி.

போன வாரம் அந்தச் சிடியை எடுத்துக்கொண்டு பிரேசர் டவுனுக்குப் போனேன். இத்தனை வருடத்தில் கெட்டுப்போயிருக்குமோ என்று வழியெல்லாம் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். சபீனா அங்கேயேதான் இருக்கிறாள், கண்ணாடி போட்டிருக்கிறாள். தன் கையெழுத்தைச் சிடியின் மேல் பார்த்ததும் என்னை நிமிர்ந்து பார்த்தாள். மேலே கோடு விழுந்திருந்தாலும் பெரும்பாலும் படித்துவிட்டது. பதினோரு ஃபைல் திறக்கவில்லை என்றாள். மற்றதையெல்லாம் பென் டிரைவில் போட்டாள். கையில் கொடுக்கும்போதுதான் கேட்டாள்.

"அன்னைக்கே குடுக்கலையா அண்ணா?"

"இல்லம்மா" என்றேன்.

அவள் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள். "நான் அவன் பேர எடுத்துட்டு என் பேர போட்டேன், நீங்க அப்பான்னு சொன்னீங்கன்னு" என்றாள். நான் எழுந்து வாசல்வரை வந்த பிறகு கூப்பிட்டு, "மேசை மேல வெச்சுட்டுப் போயிடாதீங்க. கையில குடுங்க" என்றாள்.

அதனால்தான் இன்று காலை உன் கையில் அந்தப் பென் டிரைவைக் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை பார் என்றதும், என்னப்பா இது என்று நீ சிரித்தாய். பழைய போட்டோவா என்றாய். நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அங்கேயும் பாதிதான் முடிந்தது என்னால். மீதிப் பாதி இந்தத் தாள்.

அச்சகத்துக்காரரைப் போய்ப் பார்த்தேன். அந்த இடத்துக்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லையாம். உனக்குத் தெரியாமல் நான் எதையும் பேசி முடிக்கவில்லை, இருக்கிறதா என்று மட்டும் கேட்டேன், அவருடைய நம்பர் உன்னிடம் இருக்கிறது. நீ போகலாம், போகாமலும் இருக்கலாம். நான் ஒண்டியாக இருப்பேன் என்பதை மட்டும் காரணமாக வைத்துக்கொள்ளாதே. எனக்கு அறுபது ஆகவில்லை, சோறு வடிக்கத் தெரியும், ரத்த அழுத்த மாத்திரையை மறக்காமல் போடுகிறேன். இதைச் சொல்வது உன்னை விடுவதற்கா, இல்லை என்னை நானே விட்டுக்கொள்வதற்கா என்று பலமுறை கேட்டுப் பார்த்தேன். இரண்டும் கலந்துதான் இருக்கிறது. பிரித்தெடுக்க எனக்குத் தெரியவில்லை. மன்னிப்புக் கேட்டு ஒரு பத்தி எழுதியிருந்தேன். படித்தால், நீ மன்னித்தே ஆக வேண்டும் என்று மிரட்டுவது போல இருந்தது. எடுத்துவிட்டேன். ஓசூரில் இரண்டு வாரம் இருப்பேன், நீ கோபப்பட என் முகம் எதிரில் நிற்கக் கூடாது என்றுதான். கோபப்படு. சாமான் எதையாவது தூக்கிப் போட வேண்டுமென்றால் போடு. பார்த்துக்கொள்ளலாம்.

இந்த வரிக்கு மேலே, உன் பதிலுக்காக நான் காத்திருக்க மாட்டேன், நீ நிம்மதியாக இரு என்று ஒரு வரி எழுதினேன். எழுதிய கையோடு அடித்துவிட்டேன், கோடு உனக்குத் தெரிகிறதுதானே. பொய் அது. அத்தை வீட்டு வாசலில் பஸ் நிற்கும் ஒவ்வொரு முறையும் எட்டிப் பார்ப்பேன். அதற்காக நீ வர வேண்டியதில்லை.

அப்பா